நரம்பு தசையைத் துளைத்துப் போவதுதான் வலிக்குக் காரணமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடமாக வலது பிட்டத்தில் வலி. அரை மணி நேரம் உட்கார்ந்தால் கூடுகிறது, எழுந்து நடந்தால் தணிகிறது, சில நாள் தொடையின் பின்பக்கமாக இறங்குகிறது. இடுப்புக்கு எம்.ஆர்.ஐ. எடுத்ததில், காலுக்கு இறங்கும் சியாட்டிக் நரம்பு மேலேயே இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை பிட்டத்தின் ஆழத்தில் இருக்கும் பைரிஃபார்மிஸ் தசைக்குள் புகுந்து வருவதாக ரிப்போர்ட். "இது பிறவிக் கோளாறா, தசையை வெட்டிவிட்டால் சரியாகுமா" என்று கேட்கிறீர்கள். பிறவியிலேயே வந்ததுதான், ஆனால் கோளாறு அல்ல. இரண்டாவது கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: படத்தில் தெரிந்த அமைப்புதான் வலிக்குக் காரணம் என்று எப்படி முடிவானது? அதற்குப் பதில் கிடைக்காமல் கத்தியைப் பற்றிப் பேசுவது அவசரம்.

சியாட்டிக் நரம்பு உடம்பிலேயே தடித்த நரம்பு. பிட்டத்தில் அது ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் அகலமுள்ள தட்டையான பட்டை. நரம்பென்றால் நூல் போல இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வருகிற முதலாமாண்டு மாணவர்கள் அதைத் தசைநாண் என்றே முதலில் எண்ணிவிடுவார்கள். கீழ்முதுகின் எல்4, எல்5 நரம்பு வேர்களும், அதற்குக் கீழே முதுகெலும்பின் அடியிலுள்ள முக்கோண வடிவத் திரிக எலும்பிலிருந்து வரும் எஸ்1, எஸ்2, எஸ்3 வேர்களும் சேர்ந்து, இடுப்புக்கூட்டின் உள்ளே பைரிஃபார்மிஸ் தசையின் முன்பரப்பில் இந்த நரம்பு உருவாகிறது. அந்தத் தசை திரிக எலும்பின் முன்பக்கத்தில் தொடங்கி, பெரிய சியாட்டிக் துளை வழியாக வெளியே வந்து, இடுப்பின் பக்கவாட்டில் கை வைத்தால் தட்டுப்படும் தொடையெலும்பு மேட்டின் உச்சியில் போய் ஒட்டுகிறது. துளையின் பெரும்பகுதியை அதுவே அடைத்துக்கொள்வதால் மேலே ஒரு சந்து, கீழே ஒரு சந்து என்று இரண்டு வழிதான் மிச்சம். மேல் சந்தில் மேல் குளூட்டியல் நரம்பு வெளியேறும். கீழ்ச் சந்தில் சியாட்டிக், கீழ் குளூட்டியல், தொடையின் பின்புறத் தோலுக்கான நரம்பு எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு வரும். புத்தகத்தில் இருக்கும் படம் இதுதான்.

படத்தில் ஒரே நரம்பாக வரைந்திருந்தாலும் உண்மையில் அது ஓர் உறைக்குள் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும் இரண்டு நரம்புகள். உள்பக்கம் இருப்பது டிபியல், வெளிப்பக்கம் இருப்பது காமன் பெரோனியல். பெரும்பாலானவர்களுக்கு முழங்காலுக்குச் சற்று மேலே, பின்பக்கக் குழியின் உச்சியில்தான் இரண்டும் கண்ணுக்குத் தெரியும்படி பிரியும். அங்கே பிரிவதாகத் தெரிகிறவர்களிடமும் உறையைக் கிழித்தால் விரலாலேயே இரண்டையும் பிட்டம் வரை பிரித்துக்கொண்டு போகலாம். ஆகவே "நரம்பு மேலேயே பிரிந்துவிட்டது" என்ற சொல்லே கொஞ்சம் தப்பான எண்ணத்தைத் தருகிறது. சேர்ந்திருக்க வேண்டிய ஒன்று உடைந்துபோகவில்லை. தனித்தனியாகப் பிறந்த இரண்டு, வழக்கமான இடத்தில் ஓர் உறைக்குள் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு விடை கருவில் இருக்கிறது. கால் மொட்டாக முளைக்கும்போதே அதற்குள் நுழையும் நரம்பு இழைகள் முன்பக்கக் கூட்டம், பின்பக்கக் கூட்டம் என்று பிரிந்துவிடும். முன்பக்கக் கூட்டத்திலிருந்து டிபியல், பின்பக்கக் கூட்டத்திலிருந்து காமன் பெரோனியல். பைரிஃபார்மிஸ் தசைக்கும் எஸ்1, எஸ்2-வின் பின்பக்க இழைகளே வருகின்றன. அதனால் தசை உருவாகும் இடத்துக்கு நெருக்கத்தில் இருப்பது பெரோனியல்தான். தசை அதைச் சுற்றி வளர்ந்துவிட்டால் அந்தக் கிளை தசைக்கு நடுவே மாட்டிக்கொண்டது போல ஆகிவிடும். துளைத்துக்கொண்டு வரும் கிளை ஏறக்குறைய எப்போதும் பெரோனியலாகவே இருப்பதற்கும், டிபியல் தன் பாட்டுக்குக் கீழ்ச் சந்தில் வருவதற்கும் காரணம் இதுவே. நரம்பு பின்னாளில் தசையைக் குத்திக்கொண்டு நுழைந்தது என்று கற்பனை செய்யாதீர்கள். இரண்டும் ஒன்றாகவே வளர்ந்தவை.

உடற்கூறு மேசையில் இதைப் பார்ப்பது எப்படியென்று சொன்னால் உங்கள் ரிப்போர்ட்டைப் படிப்பது எளிதாகும். பிட்டத்தின் பெரிய தசையை அது தொடங்கும் இடத்தில் அறுத்து வெளிப்பக்கமாகப் புரட்டினால் மஞ்சள் கொழுப்பு வரும். அதைத் துடைத்தெடுத்ததும் பேரிக்காயைப் படுக்கவைத்தது போல பைரிஃபார்மிஸ் குறுக்கே கிடக்கும். பெயரே அந்த வடிவத்தால் வந்தது. வழக்கமான உடம்பில் அதன் கீழ் விளிம்பிலிருந்து வெள்ளைப் பட்டை ஒன்று வெளிப்பட்டுத் தொடைக்குள் இறங்கும். உங்களுடையதைப் போன்ற அமைப்பில் தசை மேல்வயிறு, கீழ்வயிறு என்று இரண்டாக இருக்கும் (தசையின் சதைப்பகுதியைத்தான் வயிறு என்கிறோம்). அந்த இடுக்கிலிருந்து சற்றே மெல்லிய பட்டை ஒன்று எட்டிப்பார்க்கும், கீழ் விளிம்பிலிருந்து தடித்த பட்டை வரும். இரண்டும் கீழ்வயிற்றை இடுக்கி போல நடுவில் விட்டு, அதற்குக் கீழே மீண்டும் பக்கத்தில் வந்து சேர்வதும் உண்டு, கடைசி வரை சேராமலே போவதும் உண்டு. இங்கே பார்க்க வேண்டியது இடுக்கின் விளிம்பு. சிலரிடம் அது மென்மையான தசை. விரலை விட்டால் தாராளமாக நகரும், நரம்பைச் சுற்றிக் கொழுப்பும் இருக்கும். சிலரிடம் விளிம்பு வெண்மையான நாண் போல இறுகியிருக்கும். பெயரளவில் இரண்டும் ஒரே வகை, நரம்புக்கு அவை ஒன்றல்ல.

இந்த வகைகளுக்கு எண் கொடுத்தவர்கள் அமெரிக்க உடற்கூறு ஆய்வாளர்களான பீட்டனும் ஆன்சனும். 1937-ல் அவர்கள் வகுத்த ஆறு வகைதான் இன்றும் ரிப்போர்ட்டுகளில் வருகிறது. நரம்பு முழுதாகத் தசைக்குக் கீழே வந்தால் முதல் வகை. ஒரு கிளை தசையின் ஊடாகவும் மற்றது கீழேயும் வந்தால் இரண்டாம் வகை, உங்களுடையது அது. ஒரு கிளை மேலேயும் மற்றது கீழேயும் வந்தால் மூன்றாம் வகை. நரம்பு முழுதாகவே தசையைத் துளைத்தால் நான்காம் வகை. ஐந்தும் ஆறும் அப்போது கண்ணால் கண்டவை அல்ல, இருக்கக்கூடும் என்று கணித்துச் சேர்த்தவை. மறு ஆண்டு 240 பிட்டங்களின் கணக்கை வெளியிட்டார்கள்: முதல் வகை 90 விழுக்காடு, இரண்டாம் வகை 7.1, மூன்றாம் வகை 2.1, நான்காம் வகை 0.8. பிற்காலத்தில் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது வழக்கமல்லாத வகைகளின் பங்கு இதைவிட அதிகமாக, ஏறக்குறைய ஆறில் ஒன்று என்று வந்தது. எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும் நீங்கள் அபூர்வம் அல்ல. ஒரு பேருந்து நிறைய ஆட்களை ஏற்றினால் உங்களைப் போல ஐந்தாறு பேராவது அதில் இருப்பார்கள், தெரியாமலே.

வலிக்கு வருவோம். இந்தத் தசையைச் சந்தேகப்பட்டது பழைய கதை. 1928-ல் யோமன் என்ற மருத்துவர் சியாட்டிகாவுக்கும், அதாவது சியாட்டிக் நரம்பின் வழியே காலுக்கு இறங்கும் வலிக்கும், இதற்கும் முடிச்சுப் போட்டார். 1934-ல் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு மருத்துவர்கள் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க் பிதுங்கி நரம்பு வேரை அழுத்துவதைக் காட்டியதும் எல்லார் பார்வையும் முதுகுக்குப் போய்விட்டது. 1947-ல் ராபின்சன் "பைரிஃபார்மிஸ் சிண்ட்ரோம்" என்று பெயர் வைத்தார். நரம்பு தசைக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது, தசை இறுகும்போது நசுங்குகிறது, ஆகவே வலிக்கிறது என்ற விளக்கம் கேட்க மிகப் பொருத்தமாக இருக்கிறது. பொருத்தமாக இருப்பதுதான் அதன் ஆபத்தும். 2010-ல் ஸ்மால் என்பவர் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட சடலங்களின் கணக்கைத் தொகுத்தார். அவற்றில் மாறுபாடு 16.9 விழுக்காடு. பைரிஃபார்மிஸ் சிண்ட்ரோம் என்று சொல்லி ஆபரேஷன் செய்யப்பட்டவர்களில் 16.2 விழுக்காடு. மாறுபாடுதான் காரணமென்றால் இரண்டாவது எண் மளமளவென்று ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. 2018-ல் நூற்றுக்கணக்கான இடுப்பு எம்.ஆர்.ஐ.-களை வைத்துச் செய்த ஆய்விலும் சுமார் 19 விழுக்காட்டினருக்கு மாறுபாடு தெரிந்தது, ஆனால் அவர்களுக்கு மற்றவர்களைவிடச் சியாட்டிகா வலி கூடுதலாக இல்லை.

இதை வைத்து "மாறுபாடு ஒருவருக்கும் வலி தராது" என்று சொல்லிவிட முடியாது. கூட்டத்தில் சராசரி சமமாக இருப்பதும், நாண் போன்ற விளிம்புள்ள ஒருவருக்கு நரம்பு உரசுவதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: ரிப்போர்ட்டில் அந்த வரி இருப்பது மட்டும் காரணத்தை நிறுவாது. நிறுவ வேண்டியது உடம்பைச் சோதித்துப் பார்க்கும் மருத்துவரின் வேலை; எழுத்தில் வரும் விவரத்தை வைத்து நானோ வேறு யாரோ செய்துவிட முடியாது. அவர் எதைப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் சொல்ல முடியும்.

பெரோனியல் கிளை மட்டும் நசுங்கினால் அறிகுறியும் அதன் எல்லைக்குள் இருக்க வேண்டும். மரத்துப்போவது முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமும் புறங்காலும்; பலம் குறைவது பாதத்தை மேலே தூக்குவதிலும் வெளிப்பக்கம் திருப்புவதிலும். உள்ளங்கால் மரத்துப்போனாலோ குதிகால் நாணைத் தட்டும்போது அசைவு குறைந்தாலோ அது டிபியல் பக்கம், அல்லது எஸ்1 வேர். குழப்பம் வருவது எல்5 வேருடன்தான், ஏனென்றால் அதுவும் பாதத்தைத் தூக்கும் பலத்தைக் குறைக்கும். பிரித்தறிய இரண்டு இடம் உண்டு. ஒன்று, பாதத்தை உள்பக்கமாகத் திருப்பும் பலம். அந்தத் தசைக்கு எல்5 இழைகள் டிபியல் வழியாகப் போகின்றன, பெரோனியல் நசுங்கினாலும் அது கெடாது. இரண்டு, ஒருக்களித்துப் படுத்துக் காலை மேலே தூக்கும் பலம். அதற்கான மேல் குளூட்டியல் நரம்பு பைரிஃபார்மிஸுக்கு மேல் சந்தில் வெளியேறிவிடுகிறது. இந்த இரண்டும் பலவீனமாக இருந்தால் பிட்டத்தை விட்டுவிட்டு முதுகைப் பாருங்கள். ஈ.எம்.ஜி. (தசையில் ஊசி வைத்து அதன் மின்சைகையைப் பார்க்கும் சோதனை) செய்தால், தொடையின் பின்பக்க பைசெப்ஸ் தசையின் குட்டைத் தலையையும் ஊசி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முழங்காலுக்கு மேலே பெரோனியல் இயக்கும் ஒரே தசை அது. அதில் மாற்றம் தெரிந்தால் நசுக்கம் முழங்காலுக்கு மேலே. முழங்காலுக்கு வெளிப்பக்கம் எலும்புக் கழுத்தில் நசுங்கியிருந்தால் அந்தத் தசை தப்பியிருக்கும். நேர்மையாகச் சொன்னால், பிட்ட வலியோடு வருகிறவர்களில் பலருக்குப் பலக்குறைவு எதுவும் இருக்காது, ஈ.எம்.ஜி.-யும் சுத்தமாக இருக்கும். அப்போது மிஞ்சுவது வலிக்கும் பக்கத்தை மேலே வைத்து ஒருக்களித்துப் படுக்கவைத்து, இடுப்பை மடக்கி, முழங்காலை எதிர்ப்பக்கம் சாய்த்து, தொடையை உள்பக்கமாகத் திருப்பிப் பார்க்கும் சோதனை. உங்கள் வலி அப்படியே பிட்டத்தில் கிளம்பினால் சந்தேகத்துக்கு வலுச் சேரும். இடுப்பு மூட்டு கெட்டிருந்தாலும் இந்தச் சோதனை வலிக்கும், ஆனால் பெரும்பாலும் கவட்டைப் பக்கம்.

அடுத்து ஊசி. அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே தசைக்குள் சிறிதளவு மரப்பு மருந்து செலுத்தி வலி போகிறதா என்று பார்ப்பார்கள். இதில் வழக்கமாக நேரும் தப்பு ஒன்று உண்டு. மருந்து தசையைத் தாண்டி நரம்பில் பரவினால் சில மணி நேரம் பாதம் மரத்துவிடும். நரம்பே மரத்துப்போன பிறகு டிஸ்க்கால் வந்த வலியும் தற்காலிகமாக அடங்கிவிடலாம். அந்த நேரத்தில் "வலி போய்விட்டது, ஆகவே தசைதான் குற்றவாளி" என்று எழுதினால் அது செல்லாது. பாதம் மரக்காமல் வலி மட்டும் போனால்தான் அந்தச் சோதனைக்கு மதிப்பு. உங்கள் அமைப்பில் இது இன்னும் கடினம், தசையின் நடுவிலேயே நரம்பு இருக்கிறது. ஊசி போடுகிறவரிடம் ரிப்போர்ட்டைக் காட்டாமல் படுக்காதீர்கள். முடிந்ததும் பாதத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு இறங்குங்கள், துணைக்கு ஒருவர் இருக்கட்டும். மரத்த காலோடு மாடிப்படி இறங்கி விழுகிறவர்கள் இருக்கிறார்கள்.

சிகிச்சையைப் பொறுத்தவரை தொடக்கம் எல்லாருக்கும் ஒன்றுதான். பின்பாக்கெட்டிலிருந்து பர்ஸை எடுங்கள், தொடர்ந்து உட்காருவதை இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை முறியுங்கள், இடுப்பைப் பக்கவாட்டில் தாங்கும் தசைகளைப் பலப்படுத்துங்கள். தசையை நீட்டும் பயிற்சிக்கு மல்லாந்து படுத்து, வலிக்கும் காலை மடக்கி, முழங்காலை எதிர்த் தோள் நோக்கி மெல்ல இழுத்து 30 விநாடி நிறுத்துங்கள். மூன்று முறை, காலையும் மாலையும். இடுப்பு நீண்டிருக்கும்போது பைரிஃபார்மிஸ் தொடையை வெளிப்பக்கம் திருப்பும், இடுப்பு மடங்கியிருக்கும்போது காலை அகட்டும். அதனால்தான் மடக்கிய நிலையில் காலை உள்பக்கமாகக் குறுக்கே இழுக்க வேண்டியிருக்கிறது. உங்களைப் பொறுத்தவரை ஒரு மாற்றம்: பிட்டத்தில் இழுக்கும் உணர்வு சரி, புறங்காலில் சுருசுருவென்று வந்தால் அந்த அளவோடு நிறுத்திவிடுங்கள். நீட்டப்படுவது தசை மட்டுமல்ல, நடுவில் இருக்கும் நரம்பும்தான். பல வாரம் செய்தும் அசையாவிட்டால் தசையைத் தளரவைக்கும் போட்டுலினம் ஊசியைப் பற்றிப் பேசலாம், அதன் விளைவு சில மாதங்களுக்கு நிற்கும். தசை நாணை அறுத்து விடுவிக்கும் ஆபரேஷன் கடைசியில் வருவது. முதுகு, இடுப்பு மூட்டு, திரிக மூட்டு மூன்றும் குற்றமற்றவை என்று தெரிந்து, சோதனை ஊசி தெளிவாக வேலை செய்த ஆளுக்கு மட்டும் அதை யோசிப்பேன். ரிப்போர்ட்டின் ஒற்றை வரியைப் பார்த்து முதல் சந்திப்பிலேயே ஆபரேஷன் தேதி கொடுத்தால் இன்னொருவரிடம் காட்டுங்கள்.

வலிக்குக் காரணமோ இல்லையோ, இந்த மாறுபாடு சந்தேகமில்லாமல் முக்கியமாகும் இடங்கள் உண்டு. பின்பக்கமாகத் திறந்து இடுப்பு மூட்டு மாற்றும்போது பைரிஃபார்மிஸை எலும்பில் ஒட்டும் இடத்தில் அறுத்துப் பின்னால் புரட்டி, அதையே சியாட்டிக் நரம்புக்கு மேல் போர்வையாகப் போடுவது வழக்கம். நரம்பின் ஒரு கிளை அந்தத் தசைக்குள்ளேயே இருந்தால், புரட்டும் ஒவ்வொரு இழுப்பும் நரம்புக்கும் போகும். பெரோனியல் ஏற்கெனவே பலவீனமான பங்காளி: இழைக்கட்டுகள் குறைவு, ஒவ்வொன்றும் தடிமன், இடையில் மெத்தை போன்ற திசு கம்மி, மேலே சியாட்டிக் துளையிலும் கீழே முழங்கால் பக்க எலும்பிலும் கட்டுண்டு கிடப்பது. இழுத்தால் முதலில் கெடுவது அதுதான், விளைவு பாதம் தொங்குவது. காலை மரக்கவைக்கும் மயக்க மருத்துவருக்கும் இது தெரிய வேண்டும். நரம்புகள் தள்ளித் தள்ளி இருந்தால் ஓர் இடத்தில் போட்ட மருந்து ஒன்றை மட்டும் பிடித்து மற்றதை விட்டுவிடும். ஊசிமுனை வழியே சிறு மின்சாரம் கொடுத்து நரம்பைத் தேடும் மின்தூண்டியில் பாதம் கீழே குனிந்தால் ஊசிமுனை டிபியல் பக்கம், மேலே எழும்பினால் பெரோனியல் பக்கம். உங்களைப் போன்றவர்களுக்கு இரண்டையும் தனித்தனியே தேட வேண்டியிருக்கும். சாதாரண இடுப்பு ஊசிக்குப் பெரிய மாற்றம் தேவையில்லை. பிட்டத்தின் மேல் வெளிக் கால்பகுதி என்ற பழைய விதி ஒழுங்காகக் கடைப்பிடித்தால் போதும். கொஞ்சம் உள்ளே தள்ளிக் குத்தும் அவசரக் கைகளால்தான் ஆபத்து. பக்கவாட்டு இடுப்பிலோ தொடையின் வெளிப்பக்கத்திலோ போடச் சொல்வது இன்னும் நல்லது.

மூத்திரம் போவதில் சிக்கல், உட்காரும் இடம் மரத்துப்போவது, பாதம் திடீரென்று தொங்குவது, இவற்றில் ஏதாவது வந்தால் இந்தப் பேச்செல்லாம் அப்புறம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், முதுகுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்ததாக நீங்கள் சொல்லவில்லை, அதுதான் அடுத்த படி. போகும்போது ரிப்போர்ட் தாளோடு நிற்காமல் இடுப்புப் படத்தின் சி.டி.-யையும் கொண்டுபோய், நரம்பைச் சுற்றிக் கொழுப்பு இருக்கிறதா, நரம்பு வீங்கியோ வெளுத்தோ தெரிகிறதா என்று கேளுங்கள். இடது பக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் படத்தில் விழுந்திருந்தால், வலிக்காத இடது பிட்டத்திலும் பெரோனியல் இதே போலத் தசைக்குள் புகுந்து வருகிறதா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.